தென்னையின் அடியில் வடியும் செந்நீர்: பாக்டீரியா காப்பாற்றுமா?

"பேராவூரணி பக்கம் எங்களுக்கு ஓர் ஏக்கர் தென்னந்தோப்பு. கஜா புயலில் விழுந்தது போக 41 மரங்கள் நிற்கின்றன. இப்போது நான்கு மரங்களில் அடித்தண்டில் செம்பழுப்பு நிறத்தில் நீர் வடிகிறது. ஒரு மரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே வடிந்து, அடியில் காளான் மாதிரி ஒன்று முளைத்திருக்கிறது, மட்டைகள் தொங்கிவிட்டன. இரண்டு மரங்களில் ஓரடி, இரண்டடிக்குத்தான் வடிகிறது, காய்ப்பு குறையவில்லை. நான்காவது மரத்தில் இடுப்பு உயரத்தில் ஓர் ஓட்டை. அதிலிருந்து சக்கையும் நீரும் வருகின்றன. பக்கத்துத் தோப்பில் ஆறு மரங்களை வெட்டிவிட்டார்கள். 'நோய் உங்கள் தோப்பையும் விடாது, இப்போதே கொடுத்தால் மொத்தமாக விலை பேசலாம்' என்று செங்கல் சூளைக்கு மரம் வாங்குபவர் இரண்டு முறை வந்து போனார். மாமனாருக்கு வெட்ட மனமில்லை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஊற்றினால் எல்லா மரமும் பிழைக்கும் என்று உரக்கடையில் சொல்கிறார்கள். உண்மையா? மரங்களை விற்பதா, வைத்துக்கொள்வதா?"

– வாசகி, பேராவூரணி வட்டம்.

தோப்பை விற்க வேண்டியதில்லை. ஆனால் 'எல்லா மரமும் பிழைக்கும்' என்று கடையில் சொன்னதும் உண்மையில்லை. ஒரு மரம் போய்விட்டது. இரண்டு மரங்களுக்காகப் பாடுபட்டுப் பார்க்கலாம். ஒரு மரத்துக்கு வந்திருப்பது இந்த நோயாகவே தெரியவில்லை. மற்ற 37 மரங்களுக்குத்தான் பாக்டீரியா முக்கியமாகத் தேவைப்படுகிறது.

முதலில் அந்த நான்காவது மரம். அடித்தண்டில் நீர் வடிந்தாலே வாடல் நோய் என்று முடிவு கட்டுவது பல தோப்புகளில் நடக்கும் தவறு. தென்னையில் மூன்று காரணங்களால் இப்படி வடியும். தஞ்சாவூர் வாடல் நோயில் நீர் தரையை ஒட்டிய பகுதியில் தொடங்கி, மாதங்கள் போகப் போக மேலே ஏறும். ஓட்டை எதுவும் இருக்காது. சாறு வடிதல் நோயில் தண்டில் உள்ள வெடிப்புகளிலிருந்து சாறு கசிந்து, காய்ந்து கறுத்துப் போகும். அது தண்டின் எந்த உயரத்திலும் வரலாம். மூன்றாவது சிவப்புக் கூன்வண்டு. ஓட்டையும், அதில் மென்று துப்பியது போல நார்ச் சக்கையும் இருந்தால் அது வண்டின் வேலை. தண்டில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே புழுக்கள் கரகரவென்று தின்னும் ஓசைகூடக் கேட்கும். வாசகி எழுதியிருப்பதைப் பார்த்தால் நான்காவது மரத்தில் இருப்பது கூன்வண்டுதான். அதற்கு எந்தப் பாக்டீரியாவை வேரில் கொட்டியும் பயனில்லை. வண்டு குருத்துவரை குடைந்துவிட்டால் ஒரே நாளில் கொண்டை சாய்ந்துவிடும் என்பதால், இந்த ஒரு மரத்துக்காக மட்டும் அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் உடனே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குத் தகவல் சொல்லி, நேரில் பார்க்க வைக்க வேண்டும். தோப்பில் பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டை ஒட்டி வெட்டாமல் நான்கடி விட்டு வெட்டினால், அந்தக் காயத்தின் வழியாக வண்டு தண்டுக்குள் போவது குறையும்.

மற்ற மூன்று மரங்களிலும் இருப்பது தஞ்சாவூர் வாடல். அடித்தண்டழுகல் என்றும் சொல்வார்கள். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துத் தோப்புகளில் பெரிதாகக் கவனத்துக்கு வந்ததால் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும்கூட இந்த நோய் உண்டு. பாக்கு மரத்தையும் தாக்கும். நோய்க்குக் காரணம் கேனோடெர்மா என்ற பூஞ்சாணம். வாசகி 'காளான் மாதிரி' என்று எழுதியிருப்பது அந்தப் பூஞ்சாணத்தின் வித்துத் தாங்கிதான். அரைவட்டத் தட்டுப்போல, மேலே வார்னிஷ் பூசியது மாதிரிச் செம்பழுப்பில் பளபளக்கும்; அடிப்பக்கம் வெளுத்திருக்கும்.

இது இலையில் பரவும் நோய் அல்ல, மண்ணுக்குள் வேர் வழியாக நடப்பது. செத்த வேரிலும் எடுக்காமல் விட்ட அடிக்கட்டையிலும் பூஞ்சாணம் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். பக்கத்து மரத்தின் வேர் அதைத் தொட்டால் அங்கிருந்து ஏறிக்கொள்ளும். வேர்களை அழித்துவிட்டுத்தான் தண்டுக்கு வருகிறது. அதனால் வெளியே செந்நீர் தெரியும் நேரத்தில் மண்ணுக்குள் பாதி வேலை முடிந்திருக்கும். பிறகு அடிமட்டைகள் மஞ்சளாகிப் பாவாடை போலத் தண்டைச் சுற்றித் தொங்கும், குரும்பை கொட்டும், குருத்து சிறுத்துப் போகும். சில மரங்கள் சில மாதங்களில் விழுந்துவிடும். சில மரங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் இழுத்துக்கொண்டு நிற்கும். அப்படி இழுத்துக்கொண்டு நிற்கும் மரம்தான் ஆபத்து. 'இன்னும் நாலு காய் வருகிறதே' என்று விட்டு வைப்பார்கள். அந்த நாலு காய்க்காகச் சுற்றியுள்ள எட்டு மரங்களும் பூஞ்சாணத்தின் வாயில் இருக்கும்.

மணற்பாங்கான நிலம், கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு, மழைக்காலத்தில் வடியாத நீர், தொழு உரமே காணாத மண் – இவை ஒன்றுசேர்ந்த தோப்புகளில் நோய் வேகமாக ஓடும். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தோப்புகள் பலவற்றுக்கு இந்த நான்கும் பொருந்தும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா சாய்த்த மரங்களின் தண்டை அப்புறப்படுத்தியவர்கள்கூட எல்லா இடத்திலும் அடிக்கட்டையைத் தோண்டவில்லை. தோண்டக் கூலி கொடுக்க அப்போது யாரிடமும் பணம் இல்லை என்பதும் உண்மைதான். வாசகியின் தோப்பில் மண்ணுக்குள் இன்னும் எத்தனை கட்டைகள் மிச்சம் இருக்கின்றன, செந்நீர் வடியும் மரங்கள் அவற்றுக்கு அருகில் நிற்கின்றனவா என்பதை மாமனாரோடு ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது.

இனி பாக்டீரியாவுக்கு வருவோம். சூடோமோனாஸ் புளூரசன்ஸ் வெளிநாட்டிலிருந்து இறக்கிய மருந்து அல்ல. நல்ல மண்ணில், செடிகளின் வேரை ஒட்டி இயல்பாகவே வாழும் நுண்ணுயிர். புற ஊதா வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்து ஒளிர்வதால் அந்தப் பெயர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதில் ஒரு வீரியமான ரகத்தைத் தேர்ந்தெடுத்து, டால்க் மாவில் கலந்து பொட்டலமாக்கும் முறையை 1990-களில் கொண்டுவந்தது. பொட்டலத்தில் 'பி.எஃப்.1' என்று இருப்பது அந்த ரகத்தைத்தான் குறிக்கிறது.

இந்தப் பாக்டீரியா பூஞ்சாணத்தை எப்படித் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே உதவும், எங்கே உதவாது என்பது தானாக விளங்கும். பேருந்தில் முதலில் ஏறி ஜன்னலோரம் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, இது இளவேரின் மேல்பரப்பில் முந்திக்கொண்டு குடியேறும். வேர் கசியவிடும் சர்க்கரைச் சத்தைத் தின்று பெருகும். பூஞ்சாணம் வளர மண்ணில் உள்ள இரும்புச் சத்து வேண்டும். பாக்டீரியா ஒருவகைப் பொருளைச் சுரந்து அந்த இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பூஞ்சாணத்தை ஒடுக்கும் நச்சுப்பொருள்களையும், அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளையும் சுரக்கும். எல்லாவற்றையும் விட, இது வேரில் தங்கியிருப்பதை உணர்ந்த செடி, நோய் வருவதற்கு முன்பே தன் சொந்த எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொள்ளும்.

இவை அனைத்தும் வேரின் மேற்பரப்பிலும் மண்ணிலும் நடப்பவை. தண்டுக்குள் நுழைந்து மரத்தையே தின்றுகொண்டிருக்கும் கேனோடெர்மாவை வெளியே இழுத்துப் போட பாக்டீரியாவால் முடியாது. ஆகவே நோய் வராத மரத்துக்கு இது நல்ல வேலி. நோய் தொடங்கிய மரத்துக்குப் புதுவேர் பிழைக்க ஒரு துணை. முற்றிய மரத்துக்கு வீண் செலவு. கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 'எல்லா மரமும்' என்ற சொல்லைச் சேர்த்தது வியாபாரம்தான்.

வாசகியின் தோப்பில் செய்ய வேண்டியது இது.

ஆள் உயரத்துக்கு மேல் வடிந்து, காளானும் வந்துவிட்ட மரத்தை எடுத்துவிட வேண்டும். மாமனாருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். தண்டை மட்டும் அறுத்துச் சூளைக்குக் கொடுத்துவிட்டு அடிக்கட்டையை விட்டுவிட்டால் மரத்தை வெட்டியதில் பாதிப் பயன்கூட இல்லை. தூரோடு, அகப்பட்ட வேர்களோடு தோண்டி எடுத்து அங்கேயே எரிக்க வேண்டும். காளான் தட்டுகளைக் கையோடு பெயர்த்து அந்தத் தீயிலேயே போட வேண்டும். எரித்த பிறகு குழியில் ஒரு சதவீத போர்டோ கலவை 40 லிட்டர் ஊற்றலாம். 40 லிட்டருக்கு மயில்துத்தம் 400 கிராம், சுட்ட சுண்ணாம்பு 400 கிராம். இரண்டையும் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரங்களில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. தீட்டிய கத்தியை அதில் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அந்தக் குழியில் உடனே தென்னங்கன்று வைக்கும் ஆசையை ஒரு மழைக்காலமாவது தள்ளிப் போடுவது நல்லது.

ஓரடி, இரண்டடி வடியும் இரண்டு மரங்களுக்கு வேர் மூலம் மருந்து கொடுக்கலாம். பழைய கையேடுகளில் இதற்கு டிரைடிமார்ப் என்று எழுதியிருக்கும். அந்த மருந்து 2018-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது, யாரிடமாவது மிச்சம் இருந்தாலும் வாங்கக் கூடாது. இப்போது பரிந்துரையில் இருப்பது ஹெக்சகோனசோல். 100 மில்லி தண்ணீரில் 2 மில்லி கலந்து, ஒரு பாலித்தீன் பையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மரத்திலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி மண்ணைப் பறித்தால் பென்சில் கனத்தில், வெளுத்த சிவப்பில் உயிருள்ள இளவேர் கிடைக்கும். அதன் நுனியைச் சாய்வாகச் சீவி, பைக்குள் அடிவரை விட்டு, வாயை நூலால் கட்டிவிட வேண்டும். ஒரு நாளில் பை காலியாகியிருந்தால் மரம் குடித்துவிட்டது என்று பொருள். அப்படியே இருந்தால் அந்த வேர் செத்த வேர்; வேறு வேரைத் தேட வேண்டும். எங்கு பறித்தாலும் செத்த வேராகவே வருகிறதென்றால், அந்த மரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வேரே சொல்லிவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு மூன்று தடவை இப்படிக் கொடுக்க வேண்டும். மருந்து கட்டுவதற்கு முன் முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கிவிட வேண்டும். கட்டிய பிறகு 45 நாள்களுக்கு அந்த மரத்தில் ஏறக் கூடாது. வீட்டுக் குழந்தைகள் இளநீர் கேட்பார்கள் என்பதால் மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைப்பது பாதுகாப்பு.

இந்த இரண்டு மரங்களையும் தனிமைப்படுத்த, தண்டிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, ஓரடி அகலத்தில் இரண்டு மூன்றடி ஆழத்துக்குச் சுற்றிலும் வாய்க்கால் போல வெட்ட வேண்டும். வேர்கள் பக்கத்து மரத்தைத் தொடாமல் இருக்கத்தான் இது. தோப்பில் ஒரே வாய்க்காலில் மரத்துக்கு மரம் தண்ணீர் ஓடுகிறதா என்று வாசகி எழுதவில்லை. ஓடினால், நோய் மரத்தின் பாத்தியிலிருந்து நல்ல மரத்தின் பாத்திக்கு நீர் போகாதபடி மடை மாற்ற வேண்டும். காசு செலவில்லாத, ஆனால் எல்லோரும் மறந்துவிடும் வேலை இதுதான்.

மிச்சம் 40 மரங்களுக்கும் பாக்டீரியா. பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு சூடோமோனாஸ் 200 கிராம், டிரைகோடெர்மா விரிடி 200 கிராம், இவற்றைக் கலக்க மக்கிய தொழு உரம் 50 கிலோ; கூடவே வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோ. டிரைகோடெர்மா பாக்டீரியா அல்ல, நல்ல பூஞ்சாணம். கெட்ட பூஞ்சாணத்தின் மேல் படர்ந்து அதைத் தின்னும். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் வேலை செய்வதால் சேர்த்தே இடலாம். கணக்குப் போட்டால் 40 மரத்துக்கு இரண்டிலும் எட்டெட்டு கிலோ, பிண்ணாக்கு 200 கிலோ, தொழு உரம் 2,000 கிலோ. நுண்ணுயிர்ப் பொட்டலங்களுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. இரண்டு டன் தொழு உரம்தான் மலைப்பாக இருக்கும். வீட்டில் இரண்டு மாடு மட்டும் இருந்தால் ஒரே ஆண்டில் சேராது. அப்படியானால் எல்லா மரத்துக்கும் கையளவு தூவித் திருப்திப்படுவதை விட, எடுத்த மரத்தையும் நோய் மரங்கள் இரண்டையும் சுற்றி நிற்கும் மரங்களுக்கு முழு அளவில் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நோய் வேர் வழியாக நடந்துதான் வருகிறது. அதன் பாதையில் முதலில் நிற்கும் மரங்களுக்கு முதலில் வேலி போட வேண்டும்.

தொழு உரம் நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும். புதுச் சாணக் குவியலின் சூட்டில் பாக்டீரியா வெந்துவிடும். மர நிழலில் உரத்தைப் பரப்பி, கையில் பிடித்தால் பிடி நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, பொட்டலங்களைத் தூவிப் புரட்டி, தென்னங்கீற்று அல்லது ஈரச் சாக்கால் மூடிப் பத்துப் பதினைந்து நாள் வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் உரத்திலேயே பெருகிவிடும். இடையில் ஓரிரு முறை தண்ணீர் தெளித்துப் புரட்டிவிட வேண்டும். பிறகு தண்டைச் சுற்றி ஆறடி ஆரத்துக்குள் பாத்தியில் பரப்பி, வேரை வெட்டாமல் லேசாகக் கொத்தி மூடி, மேலே மட்டை அல்லது உரிமட்டையைப் பரப்பிவிட வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது, மாலையில் இடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் இதற்குத் தோதானது. சித்திரை வெயிலில் காய்ந்த மணலில் கொட்டுவது, கொட்டாமல் இருப்பதற்குச் சமம்.

பலர் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு வாரம் போர்டோ கலவையை நல்ல மரங்களின் பாத்தியில் ஊற்றி, மறுவாரம் பாக்டீரியாவையும் போடுவார்கள். தாமிரம் பூஞ்சாணத்தை மட்டும் பார்த்துக் கொல்லாது. காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவையும் டிரைகோடெர்மாவையும் சேர்த்தே கொல்லும். அதனால் வாசகியின் தோப்பில் போர்டோ கலவை எடுத்த மரத்தின் குழிக்கு மட்டும். நிற்கும் மரங்களுக்குப் பாக்டீரியா மட்டும். நோய் மரங்கள் இரண்டுக்கும் வேரில் கட்டும் மருந்து மரத்துக்குள்ளேயே போய்விடுவதால், பாத்தியில் இடும் பாக்டீரியாவுக்கு அது பெரிய இடையூறு இல்லை. யூரியா, பொட்டாஷ் இடுவதானால் பதினைந்து நாள் இடைவெளி விட வேண்டும். அவற்றை அடியோடு நிறுத்திவிடவும் கூடாது. ஐந்து வயதைத் தாண்டிய மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பதை ஆனி–ஆடியிலும் மார்கழி–தையிலும் இரண்டாகப் பிரித்து இடுவதுதான் பரிந்துரை. பட்டினி கிடக்கும் மரம் எந்த நோயையும் தாங்காது.

தண்ணீர் வசதி இருந்தால் காலியான இடங்களில் வாழை வைக்கலாம். கோடையில் தோப்பின் மண் காயாமல் இருந்தால் நோய் மட்டுப்படும். புயலுக்குப் பிறகு குறைந்துபோன வருமானத்துக்கும் வாழை ஒரு பிடி. தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்துப் பூக்கும் முன் மடக்கிவிட்டால் அடுத்த ஆண்டு தொழு உரத் தேவையும் கொஞ்சம் குறையும்.

செங்கல் சூளைக்காரரிடம் எடுத்த ஒரு மரத்தின் தண்டை விற்கலாம். மற்றவற்றுக்கு இப்போது விலை பேச வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மரத்தின் அடியிலும் குனிந்து பார்த்து, செந்நீர் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டு வைக்க வேண்டும். கோடு தாண்டவில்லை என்றால் வைத்தியம் பிடிக்கிறது. ஓராண்டுக்குள் கோட்டைத் தாண்டி ஆள் உயரத்தை நோக்கிப் போனால் அந்த மரத்தையும் தயங்காமல் எடுத்துவிட வேண்டும். பக்கத்துத் தோப்பில் வெட்டிய ஆறு மரங்களின் அடிக்கட்டைகள் வேலியை ஒட்டி இருக்குமானால், இரண்டு வீட்டாரும் கூலியைப் பங்கிட்டுத் தோண்டிவிடுவது இருவருக்கும் லாபம். நேரில் விளக்கம் வேண்டுமென்றால் பட்டுக்கோட்டைக்கு அருகில் வேப்பங்குளத்தில் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போகும்போது நோய் மரத்தின் வேர்த்துண்டையும், அடித்தண்டின் படத்தையும் கொண்டுபோனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

"கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறோம். சென்ற ஆண்டு ஆவணி மழையில் பத்துக் கொடிகள் ஒரே மாதத்தில் வாடிச் செத்தன. இந்த ஆண்டு சூடோமோனாஸும் போர்டோ கலவையும் இரண்டுமே கொடுக்கலாமா?"

– வாசகர், கொல்லிமலை.

ஒரே மாதத்தில் கொடி மடிந்தால் அது பெரும்பாலும் விரைவு வாடல். காரணம் பைட்டோப்தோரா. பேச்சுவழக்கில் பூஞ்சாணம் என்றாலும் விஞ்ஞானிகள் இதை அந்த இனத்தில் சேர்ப்பதில்லை. தண்ணீரில் நீந்திப் பரவும் வித்துகள் கொண்டது. மழைத்துளி தெறித்து, தரையில் படரும் ஓடுகொடிகளின் இளந்தளிரில் முதலில் தொற்றும். அங்கிருந்து தூருக்குப் போகும். ஆகவே முதல் வேலை, மழைக்கு முன் தரையில் கிடக்கும் ஓடுகொடிகளை வெட்டி எடுப்பதோ மரத்தில் தூக்கிக் கட்டுவதோதான். அதோடு நிழல் மரக் கிளைகளைக் கழித்துக் காற்றும் வெளிச்சமும் வரவிட வேண்டும். தூரில் நீர் தேங்கக் கூடாது.

இரண்டும் கொடுக்கலாம், ஆனால் சேர்த்து அல்ல. தென்னைக்குச் சொன்ன அதே காரணம்தான். கோடை மழையில் மண் நனைந்ததும் மக்கிய உரத்தில் கலந்த சூடோமோனாஸும் டிரைகோடெர்மாவும் தூரில் இடுவது ஒரு வழி. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும், ஆவணியிலும் போர்டோ கலவையைத் தூரில் ஊற்றி, இலையிலும் தெளிப்பது இன்னொரு வழி. சென்ற ஆண்டு கொடிகள் செத்த பகுதியில் போர்டோ வழியையும், நோயே பார்க்காத பகுதியில் நுண்ணுயிர் வழியையும் வைத்துக்கொள்வது குழப்பமில்லாத ஏற்பாடு. செத்த கொடிகளை வேரோடு எடுத்து எரிக்காமல் எதைக் கொடுத்தாலும் பலன் குறைவு.

மிளகில் பாக்டீரியா அதிகம் கைகொடுக்கும் இடம் நாற்றுப் பைதான். வேர்விடும்போதே பை மண்ணில் பாக்டீரியாவைக் கலந்துவிட்டால், அது வேரோடு சேர்ந்தே தோட்டத்துக்கு வரும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், வேருக்கு உதவும் பாக்டீரியாவை மாத்திரைக் குப்பியில் அடைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. மலைக்கு மூட்டை சுமக்க வேண்டியதில்லை என்பதால் கொல்லிமலை போன்ற இடங்களுக்கு அது வசதி.

"போன தையில் வாங்கிய சூடோமோனாஸ் இரண்டு கிலோ மாட்டுக் கொட்டகைப் பரணில் இருக்கிறது. இப்போது பயன்படுத்தலாமா? கெட்டுப் போயிருந்தால் வெல்லம் போட்டு ஊறவைத்தால் சரியாகுமா?"

– வாசகர், ஒரத்தநாடு வட்டம்.

டால்க் மாவில் உள்ள பாக்டீரியா மூன்று நான்கு மாதம்வரை நல்ல எண்ணிக்கையில் இருக்கும். தயாரிக்கும்போது கிராமுக்குக் கோடிக்கணக்கில் இருப்பவை நாளாக ஆகக் குறைந்துகொண்டே வரும். அதிலும் தகரக் கூரைக்கு அடியில் பரணில் ஒரு கோடையைக் கழித்த பொட்டலத்தில் உயிர் மிஞ்சியிருக்கும் என்று நம்ப முடியாது. செத்துப்போன பாக்டீரியாவை வெல்லம் எழுப்பாது. வெல்லக் கரைசலில் ஏதோ ஒன்று நுரைத்துப் பெருகத்தான் செய்யும். அது சூடோமோனாஸ்தானா, பானையிலும் தண்ணீரிலும் இருந்த வேறு கிருமியா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த இரண்டு கிலோவை எருக்குழியில் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குவதே நல்லது. வாங்கும்போது தயாரித்த தேதி, காலாவதித் தேதி இரண்டையும் பார்த்து, இடப்போகும் வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்க வேண்டும். கடையில் பூச்சிமருந்து அடுக்கோடு, வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த பொட்டலத்தை, தேதி சரியாக இருந்தாலும் தவிர்க்கலாம். வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்களிலும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் புதுச் சரக்கு கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, வெயில் படாத மூலையில், பூச்சிமருந்துக்கும் உரமூட்டைக்கும் தள்ளி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.